ரெக்கம்பென்ட் விற்பனைக்கு: விலை அப்புறம், காலளவு முதலில்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலாப்பட்டு தாண்டி ஈசிஆர் ஓரமாக நிற்கிறேன். பின்னால் புளியமரத்தில் சாய்த்து வைத்திருக்கிறேனே, அதுதான் இன்றைய விஷயம். ரெக்கம்பென்ட், அதாவது சீட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள். பக்கெட்டா கோர்சா. அமெரிக்கா, ஃப்ளோரிடாவில் தொடங்கிய கம்பெனியின் வண்டி. அலுமினிய ஃப்ரேம், முன்னும் பின்னும் ஒரே அளவில் பெரிய சக்கரம், ஹைரேசர் என்று சொல்லும் ரகம்.

இதை விற்கப் போகிறேன். வேலை குன்னூருக்கு மாறிவிட்டது, மலையில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டி இது. உடம்பு எடையைப் பெடலில் இறக்க வழியே கிடையாது. சின்ன கியரைப் போட்டுக்கொண்டு காலை மட்டும் சுற்றிக்கொண்டே போக வேண்டும். இங்கே மரக்காணம் வரைக்கும் ரோடு தட்டு மாதிரி கிடக்கிறது. வண்டி இந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது இருப்பதுதான் நியாயம்.

விற்கிறேன் என்று சும்மா ஒரு வரி போட்டேன். வந்த மெசேஜில் முக்கால்வாசி "லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?" அவ்வளவுதான். எனக்குப் பொருந்துமா என்று ஒருவர் கேட்கவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

நான் இதை வாங்கியது ஆரோவில்லில் இருந்த ஒரு டச்சுக்காரரிடம். ஊருக்குத் திரும்பப் போகிறவர். குயிலாப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போய் நின்றதும் நான் கேட்டதும் விலையைத்தான். அவர் பதிலே சொல்லவில்லை. செருப்பைக் கழற்று, தரையில் உட்கார், இடுப்பும் முதுகும் சுவரில் ஒட்டட்டும், காலை நீட்டு என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு டேப்பை எடுத்தார். சுவரிலிருந்து என் குதிகாலின் அடி வரைக்கும் அளந்தார். 108 சென்டிமீட்டர். "சரி, இப்ப விலை பேசலாம்" என்றார்.

இந்த அளவுக்கு எக்ஸ்-சீம் என்று பெயர். உயரத்தை வைத்து இதை ஊகிக்காதீர்கள். என் உயரம் 5 அடி 8 அங்குலம். அதே உயரத்தில் இருக்கிற என் சித்தப்பா மகனுக்கு அளந்தால் வேறு கணக்கு வருகிறது, அவனுக்கு உடம்பு நீளம், கால் குட்டை. சாதாரண சைக்கிளில் சீட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இடுப்பை நகர்த்திச் சமாளித்துவிடலாம். இதில் முதுகுக்குப் பின்னால் சீட் சுவர் மாதிரி நிற்கிறது. தூரம் குறைவாக இருந்தால் முட்டிக்கு முன்பக்கம் வலி எடுக்கும். அதிகமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு சீட்டிலேயே வழுக்கும், அப்புறம் முட்டிக்குப் பின்பக்கம் இழுக்கும். இரண்டில் எது வந்தாலும் ஒரே மாதத்தில் வண்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

பொருத்தும் முறையும் வண்டிக்கு வண்டி வேறு. இதில் பெடல் இருக்கும் முன்பக்கம் நிலையானது, சீட்தான் குழாய் மேல் முன்னும் பின்னும் நகரும். இதோ, இந்தக் கிளாம்ப்பைத் தளர்த்தினால் போதும். ஆனால் தரையை ஒட்டித் தாழ்வாக ஓடும் லோரேசர்கள் பலவற்றில் சீட் நகராது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பூம் என்ற குழாயைத்தான் இழுக்கவோ தள்ளவோ வேண்டும். பூம் நீண்டால் செயினும் நீள வேண்டும், குறைந்தால் செயினை வெட்ட வேண்டும். விற்கிறவர் கால் உங்கள் காலைவிடக் குட்டை என்றால் அந்தச் செயினையும் சேர்த்து விலை பேசுங்கள். ஃப்ரேமும் அளவு அளவாக வருகிறது என்பதால், உங்கள் அளவு அதற்கு வெளியே போனால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏன் இந்த வண்டி இவ்வளவு அரிது என்று கேட்பீர்கள். 1933 ஜூலை 7-ஆம் தேதி பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் சார்ல்ஸ் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முந்தைய சாதனை ஆஸ்கர் எக்குடையது, 44.247, 1914-லிருந்து அசையாமல் இருந்தது. முதல் வரிசை வீரர் என்று யாரும் நினைக்காத ஒருவர் அதைத் தாண்டியதும் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் கூடி, 1934-இல் இது சைக்கிளே இல்லை என்கிற மாதிரி விதியை மாற்றிவிட்டது. பந்தயம் போச்சு. பந்தயம் போனால் பெரிய கம்பெனி எதற்கு வரும்? இன்றைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள்தான் செய்கின்றன. வேகமான வண்டி பிடிக்கவில்லை என்பதால் விதியை வளைத்தார்கள் என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் கமென்ட்டில் சண்டைக்கு வாருங்கள்.

ஆனால் பிரெவே, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் ஓட்டம், ஓட்டுகிறவர்களுக்குக் கவலை இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. மனித சக்தியில் ஓடினால் ரெக்கம்பென்ட்டுக்கும் இடம் உண்டு. என்னிடம் விசாரித்தவர்களில் சரியான கேள்வி கேட்ட ஒருவரும் சென்னையில் பிரெவே ஓட்டுகிறவர்தான். சமவெளியில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்று கேட்கும் பவர் எட்டு மடங்கு. மரக்காணத்திலிருந்து மத்தியானம் திரும்பி வரும்போது கடல்காற்று தென்கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும் பாருங்கள், அப்போதுதான் சாய்ந்து படுத்திருப்பதன் அருமை தெரியும்.

சரி, வண்டிக்கு வருவோம். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். சீட்டுக்குக் கீழே கறுப்பாகப் பல்சக்கரம் தெரிகிறதா? இதுதான் ஐட்லர். முன்னாலிருந்து பின்சக்கரம் வரை இவ்வளவு நீளம் செயின் வருகிறதே, அதை வழிநடத்துவது இந்தச் சின்ன சாமான்தான். நாம் மிதிக்கும்போது இழுபடுகிற செயின் இதன் மேல்தான் அழுத்துகிறது. பழைய ரெக்கம்பென்ட் பார்க்கப் போனால் முதலில் குனிந்து இதைப் பாருங்கள். பல் நேராக நிற்க வேண்டும், அலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது. விரலால் சுற்றுங்கள். கரகரவென்று மணல் அரைபடுகிற சத்தம் வந்தால் பேரிங் போச்சு. என் வண்டியில் ஐட்லர் புதிது. பழையதையும் டப்பாவில் போட்டுத் தருகிறேன், ஒப்பிட்டுப் பார்த்தால் தேய்மானம் என்னவென்று புரியும்.

செயினுக்குக் கடையில் வாங்கும் ஒரு பாக்கெட் போதாது. இரண்டரை, சில வண்டிக்கு மூன்றுகூட வாங்கி இணைக்க வேண்டும். கண்ணிகள் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் தேயும். மாற்றும் நாளில்தான் பர்ஸ் அழும்.

அடுத்தது போல்ட். பாண்டியும் கடலூரும் உப்புக்காற்று ஊர். மேலே பளபளவென்று இருக்கும், கிளாம்ப் போல்ட்டைத் திறந்தால் உள்ளே துரு. சீட் கிளாம்ப், ஹேண்டில் கிளாம்ப், இரண்டையும் உங்கள் எதிரில் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். கார்பன் வண்டி என்றால் பூம் நுழைகிற வாயைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். அளவுக்கு மீறி இறுக்கியவர்களின் கைங்கரியம் அது.

டயர்தான் பெரிய தலைவலி, மறைக்காமல் சொல்கிறேன். இதன் சக்கரம் 650சி, அதாவது ரிம் விட்டம் 571 மில்லிமீட்டர். நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் 26 இஞ்ச் டயர் என்று கேட்டேன், கொடுத்தது 559, மவுண்டன் பைக் டயர். 650 என்று கேட்டால் 650பி கொடுப்பார்கள், அது 584. இரண்டுமே இதில் ஏறாது. டயர் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 23-571 என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ட்யூப் எப்படியாவது சமாளிக்கலாம், டயருக்கு வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்கிறேன். ஒரு ஜோடி புதிதாக இருக்கிறது, வண்டியோடு வரும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் 700சி சக்கரம் போட்ட ஹைரேசராகத் தேடுங்கள், அந்த டயர் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

விலை. நான் கொடுத்தது 1,10,000. கேட்பது 80,000. புது வண்டி வெளிநாட்டில் என்ன விலை, சரக்குக் கட்டணம் எவ்வளவு, சுங்கம் எவ்வளவு என்று கூட்டி அதிலிருந்து கழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்காது. நாளைக்கு இது உடைந்தால் இங்கே எதையெல்லாம் வாங்க முடியும், எதை முடியாது என்று பாருங்கள். கியர் மாற்றுகிற டீரெய்லர், பிரேக், பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்தான கேசட் எல்லாம் சாதாரண ரோடு பைக் சாமான், அதன் செகண்ட்ஹேண்ட் விலை ஊருக்கே தெரியும். சீட்டும் ஃப்ரேமும்தான் கிடைக்காதவை. அதற்கு என்ன கொடுப்பது என்பது வாங்குகிறவரின் ஆசையைப் பொறுத்தது. ஆசை குறைவு என்றால் குறைத்துக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் தர மாட்டேன். முதல் அரை மணி நேரம் எல்லாருக்கும் தடுமாறும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி பாம்பாக வளையும், விரலைத் தளர்த்தினால் நேராகப் போகும். சின்ன கியரில் கிளம்ப வேண்டும். மெதுவாகத் திருப்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் தட்டும், அந்தப் பக்கக் காலைச் சக்கரத்தில் படாமல் விலக்கிக்கொள்ளுங்கள். கால் பெடலிலிருந்து நழுவினால் ஆபத்து, பெடலில் மாட்டிக்கொள்கிற க்ளிப் ஷூ அவசியம். வேகத்தடையில் பின்பக்கத்தைத் தூக்கித் தப்பிக்க முடியாது, மெதுவாக ஏறி இறங்கத்தான் வேண்டும். அரியாங்குப்பம் வழியாகக் கடலூர் போகிற நெரிசலில் முதல் நாளே இறங்க வேண்டாம். ஹைரேசரில் கண் மட்டம் கார் ஓட்டுபவர் அளவுக்கு இருக்கும், பரவாயில்லை. லோரேசர் என்றால் பஸ் டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள், கொடி கட்டிக்கொள்ளுங்கள். டீக்கடையில் நிறுத்தினால் "தம்பி, மோட்டார் எங்க இருக்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

காகிதம் எளிது. சைக்கிளுக்கு ஆர்சி புத்தகம் கிடையாது. அதனாலேயே ஒரு வெள்ளைத் தாளில் ஃப்ரேம் நம்பர், தேதி, தொகை, இரண்டு பேர் கையெழுத்து, அடையாள அட்டை நகல் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். டச்சுக்காரர் எனக்கு எழுதிக் கொடுத்ததும் கூடவே வரும். வெளியூர்க்காரர்கள் பார்சல் அனுப்பச் சொல்லாதீர்கள், ஒரு சைக்கிள் அட்டைப்பெட்டியில் இது அடங்காது. குட்டியானை பிடித்துக்கொண்டு வாருங்கள், அல்லது ஓட்டிக்கொண்டே போங்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். அலன் கீ, பம்பு, டேப் எல்லாம் என்னிடம் இருக்கிறது, ஷூ மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். கமென்ட்டில் எக்ஸ்-சீம் எத்தனை சென்டிமீட்டர் என்று போடுங்கள். 103-லிருந்து 113-க்குள் இருந்தால் கூப்பிடுகிறேன்.