புகைபோக்கிக்குக் கீழே என்ன இருந்தது?

(மும்பை மாட்டுங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். லோயர் பரேல் பீனிக்ஸ் மாலில் ஒரு புகைபோக்கி நிற்கிறதே, அதன் முன்னால் செல்ஃபி எடுத்தவர்கள் இங்கேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். 1905-ல் தொடங்கிய பஞ்சு மில் இருந்த இடம் அது. புகைபோக்கியை மட்டும் விட்டுவைப்பது, என்னைக் கேட்டால், வீட்டை இடித்துவிட்டு அடுப்பை மட்டும் வைத்துக்கொள்வது மாதிரி.

பம்பாய் மில்களின் கதை இந்த ஊர்த் தார்தேவில் தொடங்குகிறது. கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வியாபாரி 1854-ல் கம்பெனி தொடங்க, 1856-ல் மில் ஓடியது. அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோக, நம் நாட்டுப் பஞ்சுக்கு விலை ஏறி, பம்பாய் வியாபாரிகள் கையில் பணம் கொட்டியது. போர் முடிந்ததும் பலர் திவாலானார்கள், அது வேறு கதை.

எனக்குப் பிடித்தது கட்டடம்தான். சுவர் வைத்த மெஷின் அது. ஓரத்தில் கொதிகலன், பக்கத்தில் நீராவி எஞ்சின். அங்கிருந்து தடித்த கயிறுகள் ஒவ்வொரு மாடிக்கும் ஏறி, உத்தரத்தை ஒட்டிய நீளமான இரும்புத் தண்டைச் சுற்றும், தண்டிலிருந்து பெல்ட் இறங்கி மெஷின்களை ஓட்டும். தூண் எங்கே நிற்கவேண்டும் என்பதை மெஷின்தான் முடிவு செய்தது. ஸ்பின்னிங்கை மாடி மாடியாக வைக்கலாம். தறி அப்படியில்லை, நூற்றுக்கணக்கில் ஒன்றாக அடித்தால் கட்டடமே ஆடும், அதனால் நெசவுக்குத் தரையோடு தனி ஷெட். அதன் கூரை ரம்பப்பல் மாதிரி இருக்கும். செங்குத்துப் பக்கம் கண்ணாடி, அது வடக்கைப் பார்க்கும். நேர் வெயில் விழாமல் சீரான வெளிச்சம் வரும், அறுந்த இழை கண்ணில் படும். காற்று காய்ந்தாலும் நூல் அறும். ஆக, இந்த ஊர்ப் பிசுபிசுப்பு முதலாளிக்கு லாபம், உள்ளே நின்றவனுக்கு வேர்வை.

(கோவைக்காரர்கள் கையைத் தூக்குகிறீர்கள், தெரியும்! 1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்த பிறகு உங்கள் ஊரில் எழுந்த மில்களை இந்தக் கயிறும் நீராவியும் கட்டிப்போடவில்லை.)

இங்கே மில்லுக்கு ஆட்கள் பெரும்பாலும் ரத்னகிரி, சதாரா பக்கத்திலிருந்து வந்தார்கள். நம் திருநெல்வேலிக்காரர்கள் தாராவியில் தோல் பதனிடப் போனார்கள். அதனால்தான் கிரண்காவ், அதாவது இந்த மில் பகுதியின் கதை நம் வீடுகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1982 ஜனவரி 18-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முடிந்தது என்று யாரும் முறையாக அறிவிக்கவே இல்லை. பல மில்கள் திரும்பத் திறக்கவில்லை, நிலத்துக்குத்தான் விலை வந்தது.

சரி, பழைய மில் ஷெட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், நாளைக்கு ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூரைக் கண்ணாடியை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டு, பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், வந்து பார்க்க வேண்டும்.