முல்லைத்தீவு மாமி

நடுவர் அவர்களே, வாசிகசாலைத் தலைவர் அவர்களே, ஊரவர்களே, வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன். எனக்குத் தந்திருப்பது பத்து நிமிடம். எதிரணி அண்ணர் என் தலையில் போட்டுவிட்டுப் போன கல்லை இறக்கி வைக்கவே அதில் பாதி போய்விடும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும்: "பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா இன்னும் தேவையா, இல்லையா?" இந்த மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று பிரித்துக் கொடுக்கிற முறைதான் அது. தேவை என்று பேச வந்திருக்கிறோம். அதுவும் யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு! எங்கள் அணித் தலைவர் மேடை ஏறும்போது செருப்பைக் கழற்றவில்லை, கவனித்தீர்களோ? ஓட வேண்டி வந்தால் வசதியாக இருக்கும் என்றாராம்.

சரி, அண்ணர் சொன்னது என்ன? "கோட்டா கூடாது எண்டதுக்கு வேறை சாட்சி வேண்டாம். அடுத்ததாப் பேசப்போற தங்கச்சியே சாட்சி. அணிக்கு ஒரு பொம்பிளை வேணும் எண்டு கோட்டாவிலை மேடைக்கு வந்தவ." நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். மூன்றாவது வரிசை, நீலச் சேட்டு. அதை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

ஓம் அண்ணை, நான் கோட்டாவில்தான் வந்தேன். தலைவர் போன் எடுத்து, "பிள்ளை, அணிக்கு ஒரு பெண் வேணும் எண்டு கமிட்டி முடிவெடுத்திருக்கு, வாறியோ?" என்றுதான் கேட்டார். நான் மறைக்கவில்லை. ஆனால் வரும் வழியில் வாசிகசாலைச் சுவரில் மாட்டியிருக்கிற படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆண்டு விழா, வெள்ளி விழா, பட்டிமன்றம், கவியரங்கம். ஒவ்வொரு படத்திலும் ஒரு வரிசை கதிரை, ஒரு வரிசை வேட்டி, ஒரு வரிசை மீசை. ஒரு சீலைத் தலைப்பாவது தெரிகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு படத்தில் தெரிந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த ஆச்சி.

அந்த நாளில் இந்த மேடையில் ஆண்களுக்கு எத்தனை வீதம் கோட்டா, அண்ணை? நூறு வீதம்! அப்போது அதற்குக் கோட்டா என்று பெயர் இல்லை, திறமை என்று பெயர். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2016இல் சட்டம் வந்த பிறகுதான் சிலருக்குத் திறமையைப் பற்றிக் கவலை வந்தது. அதுவரைக்கும் சபையில் கொட்டாவி விட்டவர்கள் எல்லாம் திறமையில் வந்து கொட்டாவி விட்டவர்கள்.

இன்னொன்று. அண்ணர் இந்த மேடைக்கு எந்தக் கோட்டாவில் வந்தார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் வாசிகசாலைத் தலைவருடைய மச்சான் என்பதையும் நான் சொல்லமாட்டேன். பந்தல் கட்டிய தம்பி சொன்னவர். நான் சொல்லவில்லை.

நடுவர் மணியைப் பார்க்கிறார். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு காயம் இருக்கிறது. அதை எதிரணியின் முதல் பேச்சாளர் தொட்டுக் காட்டினார். 1970-71 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும். இப்படி மொழிக்கு ஒரு புள்ளி வைத்ததற்கு ஊரில் சொன்ன பெயர் தரப்படுத்தல். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எங்கள் அப்பாமாருக்கு முகம் கறுக்கும். கறுக்கத்தான் வேண்டும். அது அநியாயம். அதை நியாயப்படுத்த நான் இங்கே வரவில்லை.

ஆனால் அது மொழியைப் பார்த்துப் போட்ட கோடு. 1974இல் வந்த மாவட்டக் கோட்டா இடத்தைப் பார்த்துப் போட்ட கோடு. அதிலும் யாழ்ப்பாணத்துக்கு அடி விழுந்தது, உண்மை. ஆனால் மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருந்த பிள்ளைக்கு அது கதவைத் திறந்தது. அந்தப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளைதானே? நாங்கள் "தமிழ் மாணவர்" என்று சொல்லும்போது நல்லூரில் இருந்து எத்தனை கிலோமீற்றர் தூரம் வரைக்கும் கணக்கு?

இன்றைய ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவம், பொறியியல் மாதிரித் துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் ஒன்று எது தெரியுமோ? யாழ்ப்பாணம்! படித்த சனம் என்று மீசை முறுக்குகிற எங்கள் யாழ்ப்பாணம். "எங்களை அந்தப் பட்டியலில் இருந்து எடுங்கோ, வெட்கமாய்க் கிடக்கு" என்று ஊரில் யாராவது கடிதம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

போடமாட்டோம். ஏனென்றால் எங்களுக்குக் கோட்டாவில் வெறுப்பு இல்லை. அடுத்தவன் கோட்டாவில்தான் வெறுப்பு. இதற்கு ஒரு கதை இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா. காலையில் வாசிகசாலைக்கு வந்து பேப்பரை விரித்தார் என்றால் மத்தியானம் வரை கோட்டாவுக்குத் திட்டு. "திறமையுள்ளவன் போகட்டும், இல்லாதவன் மாடு மேய்க்கட்டும்" என்பார். மகன் ஒருவன். கெட்டிக்காரன்தான், ஆனால் ஐயா நினைக்கிற அளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை. அவன் பத்தாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருடம், திடீரென்று பெடியனை ஒழுங்கையில் காணவில்லை. சைக்கிள் வேலியோடு சாத்திக் கிடக்கிறது. 

"ஐயா, தம்பி எங்கே?"

"அவன் மாமி வீட்டை நிண்டு படிக்கிறான்."

"எந்த மாமி?"

"முல்லைத்தீவு மாமி."

ஊரில் யாருக்கும் அப்படி ஒரு மாமியைத் தெரியாது. கலியாண வீட்டுக்கு வந்ததில்லை, செத்த வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் பெடியன் பஸ்ஸில் வருவான். சனி, ஞாயிறு யாழ்ப்பாணத்தில் நாலு இடத்தில் ரியூசன். திங்கள் விடிய ஐயா அவனைப் பஸ் ஏற்றுவார். கையில் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழம். "மாமிக்கு."

ஒருநாள் ஐயாவின் தாய், தொண்ணூறு வயது ஆச்சி, திண்ணையில் இருந்தபடி கேட்டா: "டேய் தம்பி, மாமி எண்டால் உனக்குத் தங்கச்சி. உனக்குத் தங்கச்சி எண்டால் எனக்கு மகள். நான் பெத்தது நாலும் ஆம்பிளைப் பிள்ளையள். இவளை நான் எப்பயடா பெத்தனான்?"

நடுவர் சிரித்ததில் கடைசி வசனம் பின்வரிசைக்குக் கேட்கவில்லைப் போல. இன்னொருக்கால் சொல்கிறேன். "இவளை நான் எப்பயடா பெத்தனான்?" பெத்தது ஆச்சி இல்லை, நடுவர் அவர்களே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு! பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தாயோ அந்த மாவட்டக் கணக்கு என்று அது ஒரு விதி எழுதியது. முல்லைத்தீவு மாதிரி மாவட்டத்தில் யாழ்ப்பாணத்தை விடக் குறைந்த புள்ளிக்கே இடம் கிடைக்கும். அந்த விதி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு மாமியைப் பெற்றுக்கொடுத்தது. முல்லைத்தீவில் மாமி, மன்னாரில் மாமி, நுவரெலியாவில் குளிருக்குள்ளேயும் ஒரு மாமி!

ஐயா இன்றைக்கும் வாசிகசாலைக்கு வருகிறார். கோட்டாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. யாராவது திட்டினால், "சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பக்கத்துப் பிள்ளையள் சரியான கஷ்டம்" என்கிறார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் கஷ்டத்தில் பெரிய பங்கு இந்த மாமிமார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. மருத்துவத்துக்கு அதன் கோட்டாவில் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய இடம். அதில் ஒன்றை மாம்பழப் பையோடு போனவன் எடுத்தால் அங்கே பிறந்து அங்கேயே படித்த ஒரு பிள்ளை வெளியே.

"கோட்டாவில் வந்த டொக்டரிட்டை ஊசி போடுவீங்களோ?" என்றும் அண்ணர் கேட்டார். போடுவேன். உள்ளே போகும்போதுதான் கோட்டா. வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே சோதினை. அண்ணை, உங்களுக்குப் போன மாதம் பல்லுப் பிடுங்கினவர் எந்த மாவட்டம் என்று கேட்டுவிட்டா வாயைத் திறந்தீர்கள்?

இந்தியாவைப் பார் என்றார்கள். பார்த்தேன். தமிழ்நாட்டில் 69 வீதம் இடஒதுக்கீடு. அது போதாதென்று 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 வீதம் தனியாக. அங்கே ஆஸ்பத்திரிகளைப் பூட்டிவிட்டார்களா? எங்கள் ஊர்ச் சனமே வருத்தம் பார்க்கச் சென்னைக்குத்தானே பிளேன் ஏறுகிறது!

அங்கே சாதியைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், இங்கே சாதி இல்லை என்று ஒருவர் சொன்னார். ஐயோ, நடுவர் அவர்களே! இந்த மண்ணில் ஒரு பகுதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் நிலத்தில் இருந்து படித்தார்கள், சில இடத்தில் உள்ளேயே விடவில்லை. 1930 வாக்கில் சம ஆசனம் கொடு என்று உத்தரவு வந்தபோது ஆசனம் கொடுப்பதை விடப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்துவது மேல் என்று கொளுத்தியவர்கள் இருந்தார்கள். கோட்டா 1974இல் வந்தது என்கிறீர்கள். வாங்கில் இருந்ததே ஒரு நூறு வீதக் கோட்டா, அதற்கு என்ன பெயர்? அந்த வாங்கில் இருந்து படித்தவரின் பேரன் இன்றைக்குத் திறமை என்கிறார். நிலத்தில் இருந்தவரின் பேரன் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு இந்த மேடையில் இன்னும் கதிரை போடவில்லை.

உண்மையைச் சொன்னால், மாவட்டக் கோட்டா இந்த இடத்தில் தோற்றுப் போகிறது. நெடுந்தீவுப் பிள்ளைக்கும் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. கடல் கொந்தளித்தால் குமுதினிப் படகு ஓடாது, ஆசிரியரும் வரமாட்டார். எதிரணி இதைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் அதற்கு மருந்து கோட்டாவை ஒழிப்பதல்ல, இன்னும் உள்ளே கொண்டுபோவது.

நான் வன்னியில் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே எனக்கு ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். போர் முடிந்த 2009இல் அவளுக்கு ஒன்பது வயது. தகப்பனை அந்த வருடத்தில் தொலைத்தாள், இடம்பெயர்ந்த சனத்தோடு செட்டிகுளம் முகாமில் இருந்தாள். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக அனுமதிக்கான ஏ.எல். சோதினைக்குக் கணிதப் பிரிவு எடுத்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டு வருடத்தில் ஒரு முழு வருடம் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை. யாழ்ப்பாணத்து ரியூசன் நோட்ஸை யாரோ போட்டோக் கொப்பி எடுத்து, அதை இன்னொருவர் கொப்பி எடுத்து, ஐந்தாறு கை மாறி அவளிடம் வந்தது. மின்சுற்றுப் படம் எல்லாம் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்கு மேலே கோடு எங்கே போயிருக்கும் என்று தானே யோசித்து, நீலப் பேனையால் கீறி வைத்திருந்தாள். சிலது பிழை. பெரும்பாலும் சரி.

சோதினைக்குக் கிட்ட ஒருநாள் வந்து கேட்டாள்: "ரீச்சர், இதிலை நாப்பத்தேழாம் பக்கம் இல்லை. ஆரிட்டையும் இருக்குமோ?" நான் விசாரித்தேன். ஒருவரிடமும் இல்லை. கொப்பி எடுத்தவன் அந்தப் பக்கத்தைத் தவறவிட்டிருக்கிறான். ஒரு மாவட்டம் முழுக்க அந்தப் பக்கம் இல்லாமல்தான் படித்திருக்கிறது.

யாழ்ப்பாண வெட்டுப்புள்ளிக்கு அவள் கொஞ்சம் குறைவு. மாவட்டக் கோட்டாவில் பொறியியல் பீடம் போனாள். அண்ணை, அந்தக் "கொஞ்சத்தை"த் திறமைக் குறைவு என்கிறீர்கள். எனக்கு அது நாற்பத்தேழாம் பக்கம். முடிவு வந்த அன்று தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. நண்டுக் கொம்பனியில் வேலை, கை முழுக்க வெட்டுக்காயம். என் போனைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது பாஸ்தானே? பிறகு மாத்தமாட்டினம்தானே?" என்று கேட்டா. மாற்றமாட்டார்கள் அம்மா என்று சொன்னேன். இன்றைக்கு இந்த மேடையில் நான்கு பேர் மாற்றச் சொல்கிறார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் தங்கச்சி இப்போது அதே பள்ளிக்கூடத்தில், அதே பிரிவில் படிக்கிறாள். பௌதிக ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்தவர் இன்னும் வரவில்லை. அவர் வந்து, நின்று, இரண்டு வருடம் ஒழுங்காகப் படிப்பிக்கட்டும். அன்றைக்கு எங்கள் அணி நால்வரும் இதே மேடையில் ஏறித் தோல்வியை ஒப்புக்கொள்கிறோம். அதுவரைக்கும், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதுங்கள்.

வணக்கம்.