குளிர்நீர் வால்வை மாற்றினோம், கண்ட்ரோலரை மறந்தோம்

வணக்கம். கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும் பருவம் இது. மாங்கூழ் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. வெப்பநிலையைப் பார்த்து வால்வைத் திறந்து மூடும் கண்ட்ரோலரின் திசையைப் பற்றி, "சூடாக்க ரிவர்ஸ், குளிர்விக்க டைரக்ட்" என்று புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பாடம் பாதிதான் சரி என்பதை, எனக்கு நேர்ந்ததைக் கொண்டே இன்று சொல்கிறேன்.

அளவிடப்படும் மதிப்பு ஏறும்போது கண்ட்ரோலர் வால்வுக்கு அனுப்பும் சிக்னலான அவுட்புட்டும் ஏறினால் அது டைரக்ட், இறங்கினால் ரிவர்ஸ். கூழைச் சூடாக்கும் நீராவி வால்வு பெரும்பாலும் அதை இயக்கும் காற்று நின்றால் மூடிக்கொள்ளும் வகை; அவுட்புட் ஏறினால் திறக்கும், இறங்கினால் மூடும் என்பதால், அங்கே ரிவர்ஸ் பொருந்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஆலையில், காற்றழுத்தம் போனாலும் குளிர்விப்பு நிற்கக் கூடாது என்று, குளிர்நீர் வால்வைக் காற்று வந்தால் மூடும் வகைக்கு மாற்றினோம். அந்த முடிவில் பிழையில்லை. ஆனால் கண்ட்ரோலர் பழைய வால்வுக்குப் பொருந்திய டைரக்டிலேயே இருந்தது. கண்ட்ரோலரைத் தானாக இயங்கும் ஆட்டோவில் போட்டதும் கூழின் வெப்பநிலை சற்றே ஏற, அவுட்புட்டும் ஏற, சிக்னலின் கீழ் எல்லையான 4 மில்லிஆம்பியரில் முழுதாகத் திறந்திருக்கும் அந்த வால்வு மேல் எல்லையான 20-ஐ நோக்கிப் போகப் போக மூடிக்கொள்ள, வெப்பநிலை இன்னும் ஏறியது. கண்ட்ரோலர் எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பி, ஐ மதிப்புகளை இரண்டு மணி நேரம் திருகிக்கொண்டிருந்தோம், நானும்தான். அளவீடு, கண்ட்ரோலர், வால்வு மூன்றும் சேர்ந்த லூப்பின் திசையே தவறியிருந்தால், அதை இந்த மதிப்புகளைத் திருகும் எந்த டியூனிங்கும் நேராக்காது என்பது அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆகவே வால்வு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதைப் பாதுகாப்பு கருதி முதலில் முடிவுசெய்யுங்கள். கண்ட்ரோலரின் திசை அதற்குப் பின்னால் வருவது. சந்தேகமிருந்தால் கையால் இயக்கும் மேனுவலில் வைத்து அவுட்புட்டை 5 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். வெப்பநிலையும் ஏறினால் ரிவர்ஸ் வையுங்கள், இறங்கினால் டைரக்ட் வையுங்கள். திரையில் 100 என்றால் வால்வு திறப்பு என்று காட்டுவதற்காக அவுட்புட்டைத் தலைகீழாக்கும் வசதி சில அமைப்புகளில் உண்டு; அதை இயக்கியிருந்தால் கணக்கு மறுபடியும் புரளும். ஆலை இயந்திரங்களை இயக்கும் கணினிகளான பி.எல்.சி.களில் சிலவோ டைரக்ட், ரிவர்ஸ் என்று கேட்பதே இல்லை. நாம் வேண்டும் என்று வைக்கும் மதிப்பான செட் பாயிண்டிலிருந்து அளவீட்டைக் கழிக்கவா, அளவீட்டிலிருந்து செட் பாயிண்டைக் கழிக்கவா என்று கேட்கும். முன்னது ரிவர்ஸ், பின்னது டைரக்ட்.

அன்று ரிவர்ஸுக்கு மாற்றிய பிறகு, நாங்கள் கலைத்துப்போட்டிருந்த பழைய பி, ஐ மதிப்புகளையே திரும்பக் கொடுத்தோம், லூப் அடங்கியது.