சந்தேகம் வளர நேரம் வேண்டும்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

டாங்கன்ரொன்பா என்ற ஜப்பானிய அனிமேயின் (அனிமேஷன் தொடரின்) முதல் மூன்று எபிசோடுகள் என்னிடம் உண்டாக்கிய எண்ணங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். 2013 ஜூலையில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் இது. 2010 நவம்பரில் பி.எஸ்.பி. என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த ஒரு வீடியோ கேம்தான் இதற்கு மூலம். அதன் கதையை எழுதியவர் கசுதாகா கொடாகா.

ஒவ்வொரு துறையிலும் தலைசிறந்தவர்களை மட்டும் தேடி அழைத்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பள்ளி. பாடகி, பேஸ்பால் வீரன், நாவலாசிரியை, நீச்சல் வீராங்கனை என்று ஒவ்வொருவரும் நாடறிந்தவர்கள். மகோதோ நாஎகி மட்டும் சாதாரணப் பையன். குலுக்கலில் பெயர் விழுந்து இடம் கிடைத்தவன். முதல் நாள் பள்ளிக்குள் அடியெடுத்து வைத்ததுமே மயங்கிவிடுகிறான். விழித்துப் பார்த்தால் ஜன்னல்களையெல்லாம் இரும்புத் தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள். அவனையும் சேர்த்து 15 பேர் உள்ளே சிக்கியிருக்கிறார்கள்.

வெளியேற ஒரே வழி, கூட இருப்பவர்களில் ஒருவரைக் கொல்வது. கொன்றால் மட்டும் போதாது. பிறகு நடக்கும் விசாரணையில் பிடிபடாமலும் இருக்க வேண்டும். குற்றவாளியைச் சரியாகக் கண்டுபிடித்தால் அவருக்கு மட்டும் மரண தண்டனை. தவறாகச் சொன்னால் குற்றவாளி தப்பிவிடுவார். மற்ற எல்லோருக்கும் மரணம்.

இந்த விதிகளை அறிவிப்பது மோனோகுமா என்ற பொம்மைக் கரடி. ஒரு பாதி வெள்ளை, மறுபாதி கறுப்பு. வெள்ளைப் பக்கம் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை போல இருக்கும். கறுப்புப் பக்கம் பல்லை இளித்துக்கொண்டு, கிழிந்தாற்போன்ற சிவப்புக் கண்ணோடு நம்மைப் பார்க்கும். கேமிலும் அனிமேயிலும் இதற்குக் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா. 1979 முதல் 2005 வரை டோரேமான் என்ற கார்ட்டூன் பூனையின் குரலாக இருந்தவர் அவர். இரண்டு தலைமுறை ஜப்பானியக் குழந்தைகளுக்குத் துணையாக இருந்த குரல், "ஒருவரை ஒருவர் கொல்லுங்கள்" என்று உற்சாகமாகச் சொல்கிறது. கரடி வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொடரின் மிகச் சிறந்த அம்சம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் தொடரின் வேகத்தோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. இயக்குநர் செய்ஜி கிஷிக்கு வீடியோ கேமை அனிமேயாக்குவது புதிதல்ல. 2011-இல் பெர்சோனா 4 கேமை அவர்தான் தொடராக்கினார். அங்கே அவருக்கு 25 எபிசோடுகள் இருந்தன. இங்கே 13 மட்டுமே. அந்தப் பற்றாக்குறை காட்சிக்குக் காட்சி தெரிகிறது.

சயாகா மைசோனோவையே எடுத்துக்கொள்வோம். புகழ்பெற்ற பாடகி, மகோதோவும் அவளும் ஒரே நடுநிலைப் பள்ளியில் படித்தவர்கள். தன்னை அவளுக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை என்று அவன் நினைக்கிறான். பள்ளிக் குளத்துக்கு வழிதவறி வந்த ஒரு பெரிய கொக்கை அவன் காட்டில் கொண்டுபோய் விட்டதை அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள். கேமில் இதை அவள் சொல்லும்போது அவனோடு நாமும் நெகிழ்ந்துபோகிறோம். பள்ளி முழுவதும் அவளோடு சுற்றுகிறோம், பேசுகிறோம். அவள் பயந்து நடுங்கும் இரவில் இருவரும் அறை மாற்றிக்கொள்கிறார்கள். மறுநாள் காலை குளியலறைக் கதவு திறக்கும்போது நம் வீட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்தது போல இருக்கிறது.

அனிமேயில் அந்த நட்பு வேர்பிடிக்கும் முன்பே கதவு திறந்துவிடுகிறது. முதல் கொலை, விசாரணை, தண்டனை எல்லாம் மூன்றாவது எபிசோடுக்குள் முடிந்துவிடுகின்றன. ஒருவர் மேல் நம்பிக்கை வந்தால்தானே அவரைச் சந்தேகிக்கும்போது வலிக்கும்? அந்த நம்பிக்கை வளரும் நாட்களைத்தான் இந்தத் தொடர் வெட்டி எறிந்திருக்கிறது.

விசாரணைக் காட்சியிலும் இதே இழப்பு. கேமில் மற்றவர்களின் பேச்சு எழுத்துகளாகத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். எந்த வாக்கியம் பொய் என்று கண்டுபிடித்து, கையிலிருக்கும் சாட்சியத்தைத் தோட்டாவாக ஏற்றி நாமே சுட வேண்டும். சகமாணவனைக் கைகாட்டுவது நாம். அவன் தண்டனைக்கு இழுத்துச் செல்லப்படும்போது அந்தப் பாரம் நம் மேல் விழுகிறது. அனிமேயிலும் தோட்டா பாய்கிறது, ஆனால் அதைச் சுடுவது மகோதோ. நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறோம்.

குறையையே சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். விசாரணைக் கூடத்தில் எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். இறந்தவர்களின் இடத்திலும் யாரோ நிற்பது போல அவர்களின் படங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. முகத்தின் குறுக்கே இளஞ்சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இந்தத் தொடரில் இரத்தத்தின் நிறமும் இளஞ்சிவப்புத்தான். கேமிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டனைக் காட்சியையும் கேமின் பாணியிலேயே விட்டுவைத்தது நல்ல முடிவு. குற்றவாளி எந்தத் திறமையால் புகழ்பெற்றாரோ அதைக் கொண்டே அவரைக் கொல்கிறார்கள். யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்தச் சில நிமிடங்களில் என்னால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, நிம்மதியாகப் பார்க்கவும் முடியவில்லை. மகோதோவுக்குக் குரல் கொடுத்த மெகுமி ஒகாத்தா, எவாஞ்செலியன் என்ற அனிமே தொடரில் ஷின்ஜி என்ற நாயகச் சிறுவனாகப் பேசியவர். ஒடுங்கிப்போன ஒரு பையனின் குரலில் மெல்ல மெல்ல உறுதி ஏறுவதை அவர் அழகாகக் கொண்டுவருகிறார்.

மீதியையும் பார்க்கத்தான் போகிறேன். பள்ளிக்குள் அடைத்தது யார், ஏன் என்ற கேள்வி விடவில்லை. நேயர்களுக்கு நேரம் இருந்தால் முதலில் கேமை விளையாடுங்கள். இப்போது கைப்பேசியிலேயே ஆங்கிலத்தில் கிடைக்கிறது. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: பொம்மைக் கரடியைப் பார்த்துச் சிறு குழந்தைகளுக்கானது என்று எண்ணிப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.