கோபம் ஒரு கணக்கு, படகு டிக்கெட் ஒரு கணக்கு

வணக்கம் நேயர்களே. கொரியாக்காரங்களுக்கு ஜப்பான்காரங்கள பிடிக்குமா பிடிக்காதா, அத பத்தி பேசுங்கன்னு நிலையத்துல இருந்து கேட்டாங்க. நான் ஆராய்ச்சியாளர் எல்லாம் கிடையாதுங்க, தென்கொரியாவுல கோஜேன்னு ஒரு தீவு, அங்க கப்பல் கட்டுற யார்டுல வேலை பாத்தவன், அவ்ளோதான். ஆனா பேப்பர் கப்புல காபி மிக்ஸ கலக்கி குடிச்சிட்டு நிக்கிற இடைவேளையில இந்தக் கேள்விய நெறைய பேர்கிட்ட கேட்டிருக்கேன், ஒருத்தர்கூட ஒரே வார்த்தையில பதில் சொன்னதில்ல, பிடிக்காதுன்னு ஆரம்பிச்சவரே கடைசியில ஜப்பான்ல ஃபுகுவோகா ஊருல எந்தக் கடையில ராமென் நூடுல்ஸ் நல்லாருக்கும்னு சொல்லித்தான் முடிப்பார்.

2019ல என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்றேன், அதுலயே பாதி விஷயம் வந்துரும். அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர்ல கொரியா சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கொரியர்கள கட்டாய வேலை வாங்கின ஜப்பான் இரும்பு கம்பெனி நஷ்டஈடு குடுக்கணும்னு. ஜப்பான் அரசாங்கத்துக்கு கோபம். 2019 ஜூலையில, சிப் தயாரிக்கவும் டிஸ்ப்ளே தயாரிக்கவும் வேணுங்கிற மூணு ரசாயனப் பொருள கொரியாவுக்கு அனுப்புறதுக்கு கட்டுப்பாடு போட்டாங்க, ஏற்றுமதி பாதுகாப்புக்காகன்னு காரணம் சொன்னாங்க ஆனா கொரியாவுல யாரும் அத நம்பல. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ்னு நாட்டோட சோத்துல கை வச்ச மாதிரி ஆயிருச்சா, ஜனங்க கிளம்பிட்டாங்க. ஜப்பான் சாமான் வாங்க மாட்டோம், ஜப்பானுக்குப் போக மாட்டோம்னு. அங்க தெருமுனை கடையில நாலு கேன் வெளிநாட்டு பீர் பத்தாயிரம் வொன்னுன்னு ஒரு ஆஃபர் அப்ப ஓடிட்டு இருந்துச்சு, அந்த ஆஃபர்ல இருந்து ஜப்பான் பீர எல்லாம் கடைக்காரங்களே தூக்கிட்டாங்க. யூனிக்லோ துணிக்கடை அதிகாரி ஒருத்தர் இந்த பாய்காட் ரொம்ப நாள் தாங்காதுங்கிற மாதிரி டோக்கியோவுல வாய விட்டுட்டார், அது இன்னும் எரிய விட்டுச்சு, சியோல்ல மியோங்டாங்ல இருந்த அவங்க பெரிய கடை 2021ல மூடியே போச்சு.

இப்ப நான் சொல்ல வந்தது இது இல்ல. அந்த ஆகஸ்ட்ல அதே மியோங்டாங் ஏரியா வட்டார அலுவலகம் தெருவுல ‘ஜப்பான் வேண்டாம்’னு கொடி கட்ட ஆரம்பிச்சாங்க. டூரிஸ்ட் கூட்டம் நடமாடுற இடம், ஜப்பான்ல இருந்து வர்ற பொண்ணுங்க அழகு சாமான் வாங்குற இடம். கட்டுனவங்க கைதட்டு வாங்கலாம்னு நெனச்சிருப்பாங்க போல. ஆனா எதிர்த்தது யாரு தெரியுமா, பாய்காட் பண்ணிட்டு இருந்த அதே சியோல் ஜனங்கதான். நாங்க எதிர்க்கிறது ஜப்பான் பிரதமர் அபேயோட அரசாங்கத்த, இங்க ஷாப்பிங் வந்த பிள்ளைங்கள இல்ல, இது ஜனங்க தானா செய்யிற போராட்டம், இதுல அரசாங்க ஆபீஸ் எதுக்கு மூக்க நுழைக்குதுன்னு திட்டித் தீத்துட்டாங்க. அன்னிக்கே கொடி எல்லாம் இறங்கிருச்சு. எனக்கு அந்தச் செய்திதான் கொரியாக்காரங்க மனச புரிய வச்சது. கோபத்துக்கு ஒரு கணக்கு நோட்டு, ஆளுங்களுக்கு ஒரு கணக்கு நோட்டு, ரெண்டையும் கலக்க விடமாட்டாங்க.

2018ல ஜப்பானுக்குப் போன கொரியர்கள் 75 லட்சம் பேர். பாய்காட் வந்த 2019ல அது 55 லட்சம் சொச்சமா விழுந்துச்சு. 2024ல எவ்ளோன்னு நெனைக்கிறீங்க, 88 லட்சம். யென் மதிப்பு இறங்கிக் கிடந்ததும் ஒரு காரணம், இல்லேங்கல. ஆனா நாட்டோட மொத்த ஜனத்தொகையே அஞ்சு கோடி சொச்சம்தாங்க.

சரி இவ்ளோ கோபம் எதுக்கு. 1910ல இருந்து 1945 வரைக்கும் 35 வருஷம் ஜப்பான் ஆட்சி. கடைசி காலத்துல பள்ளிக்கூடத்துல கொரிய மொழியே கிடையாது, குடும்பப் பேரையே ஜப்பான் பேரா மாத்தணும்னு 1940ல நெருக்குனாங்க. ஒரு மனுஷனோட பேர புடுங்குறதுன்னா அதுக்கு மேல என்ன இருக்கு சொல்லுங்க. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இழுத்துட்டு போனாங்க, சின்னப் பொண்ணுங்கள ஜப்பான் ராணுவத்தோட பாலியல் அடிமைகளா கொண்டு போனாங்க. அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தர், கிம் ஹக்-சூன், 1991 ஆகஸ்ட்ல டிவி கேமரா முன்னாடி வந்து தன் பேரச் சொல்லி எனக்கு இது நடந்துச்சுன்னு சொன்னாங்க, அதுவரைக்கும் ஊரே பேசாம மூடி வச்சிருந்த விஷயம். 1992 ஜனவரியில இருந்து சியோல்ல ஜப்பான் தூதரகத்துக்கிட்ட புதன்கிழமை தோறும் கூட்டம் கூடுது, இன்னும் நிக்கல.

ஜப்பான் தரப்பு என்ன சொல்லும்னா 1965 ஒப்பந்தத்துலயே எல்லாம் தீந்து போச்சு, 30 கோடி டாலர் சும்மாவும் 20 கோடி டாலர் கடனாவும் குடுத்துட்டோம்பாங்க. குடுத்தது உண்மைதான். அதுல ஒரு பகுதியிலதான் போஹாங் இரும்பு ஆலையே எழும்புச்சு, நாங்க யார்டுல வெட்டி ஒட்டுன தகடுல பாதி அங்க இருந்து வந்ததுதான். எங்க ஃபோர்மேன் ஒருத்தர் சொல்வார், பணத்த அரசாங்கம் வாங்குச்சு, ஆலை வந்துச்சு நல்லது, ஆனா வேலை செஞ்சு செத்த எங்க தாத்தாவுக்கு யாரு சம்பளம் குடுத்தாங்கன்னு. இதுக்கு இன்னிக்கு வரைக்கும் ரெண்டு நாட்டு வக்கீலுங்களும் ஒத்துக்கிற பதில் கிடையாது.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, 1945க்கு அப்புறம் ஜப்பான் சினிமா, பாட்டு, காமிக்ஸ் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு அம்பது வருஷம் தடை போட்டு வச்சிருந்தாங்க. தடைன்னா பேருக்குத்தான், அதான் வேடிக்கை. 70கள்ல கொரியா டிவியில மாசிங்கர் இசட்னு ராட்சச ரோபோ கார்ட்டூன் ஓடுச்சு, அது சுத்தமான ஜப்பான் சரக்கு, கொரிய மொழியில பேச வச்சு கொரிய மொழியிலயே பாட்டு போட்டு ஓட்டுனாங்க, பாத்த பிள்ளைங்க அது நம்ம ஊர் ரோபோன்னே நெனச்சு வளந்தாங்க. ஜப்பானுக்கு எதிர்க்கரையில இருக்கிற பூசான் துறைமுகம் பக்கம் இன்னும் ஒரு படி மேல, மொட்டை மாடியில ஆன்டெனாவ கடல் பக்கம் திருப்புனா ஜப்பான் டிவியே நேரா வரும், எந்தச் சட்டம் அலைய நிறுத்த முடியும். ஸ்லாம் டங்க் காமிக்ஸ் 90கள்ல வந்தப்ப ஹீரோ பேர காங் பேக்-ஹோன்னு மாத்திட்டாங்க, அந்தப் பேருலதான் ஒரு தலைமுறையே அவன நேசிச்சுது, 2023ல அதோட சினிமா வந்தப்ப நாப்பது வயசு ஆம்பளைங்க தியேட்டர்ல கண்ணத் தொடச்சிட்டு வந்தாங்க. டப்பிங்ல அப்பவும் அதே கொரியப் பேருதான், மாத்தியிருந்தா சண்டைக்கே வந்திருப்பாங்க.

அந்தத் தடைய எடுத்தது கிம் டே-ஜுங். அவர் ஜனாதிபதியா இருந்தப்ப 1998 அக்டோபர்ல டோக்கியோ போனார், ஜப்பான் பிரதமர் ஓபுச்சி எழுத்துலயே மன்னிப்பு கேட்டார், இவர் திரும்பி வந்து கதவ கொஞ்சம் கொஞ்சமா திறந்தார், சினிமாவுல மொதல்ல பெரிய விழாவுல பரிசு வாங்குன படம் மட்டும், ஜப்பான் மொழிப் பாட்டு சிடி விக்க 2004 வரைக்கும் ஆச்சு. எங்க சினிமா செத்துரும், எங்க பாட்டு மூழ்கிரும்னு உள்ளூர்ல அப்ப பயங்கர கூப்பாடு. நடந்தது தலைகீழ். 2002ல போஆங்கிற கொரியப் பொண்ணோட ஆல்பம் ஜப்பான் ஒரிகான் விற்பனைப் பட்டியல்ல முதலிடம், 2004ல விண்டர் சொனாட்டா சீரியல் ஜப்பான் வீட்டம்மாக்கள அப்படியே சாய்ச்சிருச்சு, அந்த ஹீரோ பே யோங்-ஜூன் நரிதா ஏர்போர்ட்ல இறங்குனப்ப ஆயிரக்கணக்குல கூட்டம். தடை போட்டு பாதுகாத்தா வளரும்னு நெனச்சவங்களுக்கு இது சரியான பதில்னு நான் சொல்வேன், சிலர் ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

ஆனா பாட்டும் சீரியலும் வந்தா பழைய பிரச்சனை தானா கரைஞ்சிரும்னு சிலர் பேசுவாங்க பாருங்க, அதுலயும் எனக்கு நம்பிக்கை இல்ல. அதுக்கு சுஷிமா தீவக் காட்டணும்.

பூசான்ல இருந்து அம்பது கிலோமீட்டர், வானம் தெளிவா இருந்தா கண்ணுக்கே தெரியும் ஆனா அது ஜப்பான் மண்ணு. ஃபாஸ்ட் போட்ல சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள வடக்குத் துறைமுகம் ஹிதாகட்சு. எங்க யார்டுல சனிக்கிழமை ஷிஃப்ட் இல்லேன்னா தூண்டில் பையத் தூக்கிட்டு கெளம்புற ஆளுங்க உண்டு, மீன் புடிக்கிறது, மலை ஏறுறது, வரும்போது பீரும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கிட்டு வர்றது. தீவோட ஜனத்தொகை அப்ப சுமார் முப்பதாயிரம், 2018ல வந்த கொரியர்கள் 4 லட்சத்துக்கு மேல. 2019 பாய்காட்ல யாருக்கு அடி விழுந்துச்சுன்னா டோக்கியோவுல முடிவெடுத்தவங்களுக்கு இல்ல, இந்தத் தீவுல லாட்ஜ் வச்சிருந்தவனுக்கும் சோபா நூடுல்ஸ் கடை வச்சிருந்தவனுக்கும்தான்.

இந்தத் தீவுக்கு இது பழைய பாடு. 1592ல ஜப்பான ஆண்ட ஹிதெயோஷியோட படை கொரியாவுக்குள்ள புகுந்தப்ப, நான் வேலை பாத்த ஓக்போ கடல்லதான் கொரியத் தளபதி யி சுன்-சின் மொத தடவை ஜப்பான் கப்பல்கள அடிச்சு நொறுக்குனார், ஊருல இன்னும் வருஷா வருஷம் அதுக்கு விழா எடுக்குறாங்க. சண்ட 1598ல முடிஞ்சுது, ஆனா கொரியா வியாபாரம் இல்லேன்னா சுஷிமாவுக்கு சோறு இல்ல, பூரா மலை, நெல்லு விளையாது. என்ன பண்ணுனாங்கன்னா அந்தத் தீவுத் தலைவன் ஜப்பான் ஆட்சியாளர் எழுதுன மாதிரி கடுதாசிய போலியா தயார் பண்ணி கொரிய மன்னனுக்கு அனுப்பி, பதில் கடுதாசியிலயும் கை வச்சு, அப்படித்தான் சமாதானத்தக் கொண்டு வந்தாங்க! 1630கள்ல விஷயம் வெளிய வந்து பெரிய விசாரணை, அப்பவும் தீவத் தலைவன்கிட்டயே விட்டு வச்சாங்க, வேற ஆள் இல்லையே. 1607ல இருந்து 1811 வரைக்கும் 12 தடவை கொரியத் தூதுக்குழு ஜப்பான் போச்சு, பெரும்பாலும் நானூறு ஐநூறு பேர், புலவர், ஓவியர், வைத்தியர், குதிரைச் சாகசக்காரன்னு. போற ஊருலெல்லாம் ஒரு வரி எழுதிக் குடுங்கன்னு ஜனங்க ராத்திரி பூரா காத்துக் கிடப்பாங்களாம். அந்த ஆவணங்கள ரெண்டு நாட்டுக்காரங்களும் சேந்தே மனு போட்டு 2017ல யுனெஸ்கோ பதிவேட்டுல ஏத்துனாங்க.

சுஷிமாவுல இசுஹாரா ஊருல ஆகஸ்ட் திருவிழா, அதுல அந்தத் தூதுக்குழு மாதிரி வேஷம் போட்டு ஊர்வலம் போவாங்க, விழா பேருலயே அரிராங்குன்னு கொரியப் பாட்டுப் பேரு இருந்துச்சு. 2012ல கொரியாவுல இருந்து போன திருட்டுக் கும்பல் தீவுல கன்னோன்ஜிங்கிற புத்தர் கோயில்ல இருந்து ஒரு வெண்கல அவலோகிதேஸ்வரர் சிலைய தூக்கிட்டு வந்துருச்சு, அரை மீட்டர் உயரம்தான். சிலை திருட்டுக் கதை நமக்கொண்ணும் புதுசில்லைங்க, ஆனா இதுல ஒரு முடிச்சு இருக்கு. திருடனப் புடிச்சாச்சு, சிலை கிடைச்சாச்சு, திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே? அப்ப கொரியாவுல சோசான் பக்கம் புசோக்சாங்கிற கோயில் எந்திரிச்சு, இது எங்க சாமின்னுச்சு. சிலை வயித்துக்குள்ள இருந்த காகிதத்துல 1330ல புசோக்சாவுக்காக செஞ்சதுன்னு எழுதியிருக்கு, அப்புறம் ஜப்பான் கடல் கொள்ளைக்காரன் கொண்டு போயிருக்கான், கொள்ளையடிச்சத திருடிட்டு வந்தா யாருக்குச் சொந்தம்ங்கிறாங்க.

சுஷிமாக்காரங்க கொதிச்சுட்டாங்க. 2013ல ஊர்வலம் ரத்து, விழா பேருல இருந்த அரிராங்கையும் எடுத்துட்டாங்க, ஊர்வலம் அடுத்த வருஷம் திரும்பிருச்சு, பேரு திரும்பல. கோர்ட்ல கேஸ் பத்து வருஷம் ஓடுச்சு, 2017ல கொரியா கீழ்க்கோர்ட் புசோக்சாவுக்குன்னுச்சு, 2023 பிப்ரவரியில மேல்கோர்ட் மாத்துச்சு, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் கன்னோன்ஜிக்குத்தான்னு முடிச்சுது, எப்படி வந்துச்சோ அது வேற, ஆனா இத்தன காலம் அவங்க அனுபவத்துல இருந்துருச்சுங்கிற சட்டக் கணக்குல. தன் நாட்டுக் கோயிலுக்கு எதிரா கொரியா கோர்ட்டே இப்படிச் சொல்லிச்சுங்கிறது சின்ன விஷயம் இல்ல. அதே 2023 ஆகஸ்ட்ல, பழைய மாதிரியே செஞ்சு வச்சிருந்த தூதுக்குழு மரக்கப்பல் 212 வருஷத்துக்கு அப்புறம் பூசான்ல இருந்து கடலத் தாண்டி சுஷிமா திருவிழாவுக்குப் போச்சு.

சிலை எப்படித் திரும்புச்சுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். புசோக்சா ஒரே ஒரு கோரிக்கை வச்சுது, குடுத்துடுறோம், ஆனா போறதுக்கு முன்னாடி நூறு நாள் எங்க கோயில்ல வச்சு பூஜை பண்ணிக்கிறோம்னு. சிலையப் பறிகுடுத்த கன்னோன்ஜி சரின்னுட்டாங்க. ரெண்டு அரசாங்கம் உக்காந்து பேசியும் முடியாதத ரெண்டு கோயில் முடிச்சுக்கிச்சு பாருங்க. 2025 ஜனவரியில இருந்து நூறு நாள், ஊர் ஜனங்க வந்து கும்பிட்டாங்க, மே மாசம் சிலை சுஷிமா போய்ச் சேந்துச்சு. எங்க சாமிதாங்கிற பேச்ச புசோக்சா விட்டுடல, நாங்க முறையாத்தான் வச்சிருந்தோம்ங்கிறத கன்னோன்ஜியும் விடல. அந்த வாதம் நடந்துட்டேதான் இருக்கும். பூசான் படகுல சனிக்கிழமை டிக்கெட் வேணும்னா முன்னாடியே போட்டு வைங்க, கடைசி நேரத்துல கிடைக்காது. வணக்கம்.