சிவப்பு மையில் ஓர் 'அப்புறம்?'

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அரங்கம் நிறைய ஆசிரியர்கள் இருக்க, ஏர்கான் பழுதுபார்க்கும் ஒருவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். துணிச்சல்தான்!

1994இல் சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளிகளில், படிப்பில் பின்தங்கியவர்களுக்கென்று வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியபோது, அதில் சேர்ந்த முதல் அணியில் நானும் ஒருவன். அதற்கு முன் தொடக்கப்பள்ளியில் இஎம்3, அங்கேயும் கடைசிப் பிரிவு. 1979இல் அப்போதைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீயின் அறிக்கை, பிள்ளைகளைத் திறனுக்கேற்ப வெவ்வேறு பிரிவுகளில் போடும் தரம்பிரிப்பைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. நிறைய பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பிரிவாலும் நன்மை உண்டு. தொடக்கப்பள்ளி முடிந்ததும் நேராகத் தொழிற்பயிற்சிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் உயர்நிலைப்பள்ளியைப் பார்த்தோம். ஆனால் தீபாவளிக்கு வரும் சித்தப்பா "எந்த ஸ்ட்ரீம்டா?" என்று கேட்பார். பதில் சொன்னதும் முறுக்குத் தட்டைப் பார்ப்பார்.

பள்ளியில் யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோட்டைத் திருப்பித் தருவார்கள். ஒரு டிக், ஒரு கையெழுத்து. பக்கம் முழுக்கப் பிழை, ஒன்றுகூடத் திருத்தியிருக்காது. 'இவனுக்கு இது போதும்' என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்பது 13 வயதுப் பையனுக்கு நன்றாகவே புரியும்.

தமிழ் சார் மட்டும் வேறு மாதிரி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். நாங்கள் படித்தது அடிப்படைத் தமிழ். அதில் பேச்சுக்கும் வாசிப்புக்கும்தான் அதிக இடம். அவரோ எழுதச் சொன்னார். "தேக்காவுக்குப் போனேன். புரோட்டா சாபிட்டேன். வந்தேன்" என்று எழுதி நீட்டினேன். நோட்டு திரும்பி வந்தபோது, விட்டுப்போன 'ப்' உள்ளே ஏறியிருந்தது. கீழே சிவப்பு மையில், "அப்புறம்?"

அப்புறம் என்ன? புரோட்டா மாஸ்டர் மாவை வீசினார் என்று எழுதினேன். "மாவு ஏன் கிழியவில்லை? அப்புறம்?" என்று வந்தது. அடுத்த முறை தேக்கா சந்தையில் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துக் கையால் தட்டிப் பரப்பிய பிறகுதான் வீசுகிறார். அதையெல்லாம் எழுதினேன். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் போயிற்று. மேல்பிரிவான விரைவுநிலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு குறைப்பாரோ அவ்வளவேதான்.

பின்தங்கிய பிள்ளைகளிடம் கனிவாக இருங்கள் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். சரி, இருங்கள். ஆனால் வேலை வாங்காத கனிவும் கைகழுவுவதில்தான் சேரும் என்பேன். சார் எங்களைப் பார்த்து 'பாவம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

பிறகு தொழில்நுட்பக் கல்விக்கழகம், அதன்பின் இந்த வேலை. இன்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன், "கேஸ் குறைஞ்சிருக்கு பாஸ், ஏத்திடவா?" என்பான். "அப்புறம்?" என்பேன். விழிப்பான். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதல்ல ஏர்கான் கேஸ். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழ் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். தேடாமல் ஏற்றிவிட்டு வந்தால் வாடிக்கையாளர் மறுபடியும் கூப்பிடுவார், இந்த முறை கோபமாக.

தொடக்கப்பள்ளியில் இஎம்3 என்ற முறை 2008இல் போய்விட்டது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பிரிவுகளே இல்லை. ஜி1, ஜி2, எல்லாவற்றுக்கும் மேலே ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம், வகுப்பில் எல்லாரும் கலந்து உட்காரலாம். நல்ல மாற்றம். சித்தப்பாக்களும் மாறிவிட்டார்கள், இப்போது "எத்தனை ஜி3?" என்று கேட்கிறார்கள்.

வகுப்பில் இருக்கும் அத்தனை நோட்டையும் வாரந்தோறும் வரி விடாமல் திருத்த முடியுமா என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. முடியாதுதான். சாரும் அப்படிச் செய்ததில்லை. முறை வைத்து, வாரத்துக்கு நாலைந்து பேர் நோட்டைத்தான் முழுதாகப் பார்ப்பார். நம் முறை வராத வாரத்தில் நோட்டு வெறுமனே திரும்பி வரும். எனக்கு அப்படி ஆத்திரம் வரும்!