வலையிலிருந்து தொட்டிவரை: சிங்கி இறாலை உயிரோடு காப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

பெரியதாழைக்குத் தெற்கே குட்டம், உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று நீளும் நம் கடலோரத்தில், உயிரோடு வாலடிக்கிற சிங்கி இறாலுக்கு (லாப்ஸ்டர்) ஒரு விலை, செத்த சிங்கிக்கு வேறு விலை. இது கடலுக்குப் போகாதவருக்கும் தெரிந்த கணக்கு. சாவு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் கோளாறு. தொட்டியில் செத்தால் தொட்டியைக் குறை சொல்கிறோம், வண்டியில் செத்தால் வண்டிக்காரரை ஏசுகிறோம். பல நேரம் வலையிலிருந்து பிய்த்து எடுத்த அந்த அரைமணி நேரத்திலேயே அதன் கதை பாதி முடிந்துபோயிருக்கும்.

அது குடியிருக்கிற இடத்திலிருந்து வருவோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986-இல் தேசியக் கடல் பூங்காவான பகுதி அது. நம் பக்கம் தீவு இல்லை, பார் என்று நாம் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகள்தான். பானுலிரஸ் ஹோமாரஸ் என்று அறிவியலில் சொல்லப்படும் நம் சாதாரணச் சிங்கிக்கு இந்தப் பார்களே தோது. ஆழம் குறைந்த, அலை அடிக்கிற பாறை இடுக்குகளில் பகலில் கூட்டமாக ஒண்டியிருக்கும். இருட்டியதும் இரை தேடப் புறப்படும். கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பியும் சின்ன நண்டும் நத்தையும் அதற்குச் சாப்பாடு. ஆகவே பாரில் இருக்கும் சிப்பியை முழுக்கச் சுரண்டி எடுத்தால் சிங்கியின் சோற்றிலும் மண் விழுகிறது, குஞ்சுகள் பதுங்கும் இடமும் போகிறது. அறுந்து பாரில் சிக்கிக்கொண்ட வலை இன்னும் மோசம். அதில் ஒரு சிங்கி மாட்டிச் செத்தால், அந்த வாடைக்கு அடுத்தது வந்து மாட்டும். யாருக்கும் பயன்படாமல் அந்த வலை மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

குஞ்சு என்றதும், இறால் பண்ணை மாதிரி பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யலாமே என்ற கேள்வி வரும். வெள்ளை இறாலின் இளம் பருவம் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். சிங்கியின் சங்கதி வேறு. முட்டையிலிருந்து வரும் ஃபில்லோசோமா என்ற இளம் குஞ்சு கண்ணாடித் தாளில் வெட்டிய இலை போல இருக்கும். நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், மாதக்கணக்கில் நடுக்கடலில் அலைந்து, பலமுறை சட்டை உரித்து, கடைசியில் இரையே தின்னாத பியூருலஸ் பருவத்தில் கரைப்பக்கம் நீந்தி வந்து பாரில் அமரும். ஜப்பானியர் ஒரு வகைச் சிங்கியை முட்டையிலிருந்து இந்தப் பருவம்வரை ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்ததே 1980-களின் கடைசியில்தான். வியட்நாமில் பெரிய அளவில் நடக்கும் கூண்டு வளர்ப்புகூட கடலில் பிடித்த குஞ்சை நம்பியே நடக்கிறது. அதனால் நம்மைப் பொறுத்தவரை பார்தான் பொரிப்பகம்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2003-இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தது. நம் சாதாரணச் சிங்கிக்கு 200 கிராம், பானுலிரஸ் பாலிஃபேகஸ் என்ற வகைக்கு 300, பெரிதாக வளரும் பானுலிரஸ் ஆர்னேட்டஸுக்கு 500, நீள மீசையில்லாத தட்டைச் சிங்கிக்கு 150. படகில் தராசு இல்லையென்றால் ஒரு கொக்கித் தராசு போதும். எடை குறைந்ததை அங்கேயே விடுங்கள். கரைக்குக் கொண்டுவந்து, ஏற்றுமதிக் கம்பெனி கழித்துப்போட்டபிறகு கடலில் வீசுவதில் புண்ணியமில்லை. அதற்குள் அது நலிந்திருக்கும், வீசுகிற இடமும் பாராக இருக்காது. வாலுக்கடியில் சினை ஒட்டியிருப்பதையும் அப்படியே விட வேண்டும். சினை முதலில் நல்ல ஆரஞ்சு நிறத்திலிருந்து, பொரிக்கும் சமயத்தில் பழுப்பாகும். ஒரு தாயிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். சினையைச் சுரண்டிவிட்டு விற்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை மறைக்க முடியாது. வாலடிச் செதில்களில் சினை ஒட்டியிருந்த மயிரிழைகள் கிழிந்து தொங்குவது, பழகிய கண்ணுக்கு ஒரு பார்வையிலேயே தெரியும்.

சரி, வலைக்கு வருவோம். மூன்றடுக்கு டிஸ்கோ வலையில் சிங்கி சுற்றிச் சுற்றிச் சிக்கும். சின்னதும் சினையும் அதில் தப்பாது. ஒற்றை அடுக்குச் சிங்கி வலை தேவலை. எந்த வலையானாலும் சிங்கியை இழுத்து எடுக்காதீர்கள். நெருக்கடி வந்தால் காலைத் தானே கழற்றிவிட்டுத் தப்புவது அதன் சுபாவம். கால் போனால் விலை போகும், மீசை ஒடிந்தால் தரம் இறங்கும், மூட்டில் கிழிந்தால் இரத்தம் வடிந்து சாகும். அதன் இரத்தம் கிட்டத்தட்ட நிறமற்றது, வடிவது கண்ணில் படாது. இரண்டு கண்ணி நூலைக் கத்தரித்துவிடுவது நட்டமே இல்லை. பிடிக்கும்போது முதுகின் ஓட்டுப் பகுதியை மேலிருந்து பிடியுங்கள். மீசையைப் பிடித்துத் தூக்கக்கூடாது.

படகில் சிலர் வாளித் தண்ணீரில் இருபது முப்பது சிங்கியை அமுக்கி வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் உயிர்வளி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதைவிட, தண்ணீர் இல்லாத கூடையில் கடல்நீரில் நனைத்த சாக்கை விரித்து, அடுக்கி, மேலேயும் நனைந்த சாக்கைப் போர்த்துவது நல்லது. செவுள் ஈரமாக இருக்கும்வரை சில மணி நேரம் காற்றிலேயே தாக்குப்பிடிக்கும். வெயிலும் எஞ்சின் சூடும் படக்கூடாது. டீசல் கை படவே கூடாது. ஐஸ் கட்டியை நேரே மேலே போடாதீர்கள். உருகுவது உப்பில்லாத நல்ல தண்ணீர், அது செவுளில் இறங்கினால் கேடு.

தொட்டியில் விடும் முதல் மணி நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காற்றில் இருந்த நேரமெல்லாம் வெளியேற்ற முடியாத அம்மோனியா அதன் உடம்பில் தேங்கியிருக்கும். தண்ணீரில் விட்டதும் அதை மொத்தமாகக் கொட்டும்; கூடவே வழக்கத்தைவிடப் பல மடங்கு உயிர்வளியை இழுக்கும். பிடித்து வந்ததைப் பழைய சரக்கு இருக்கிற தொட்டியிலேயே போட்டால், நேற்றுவரை நன்றாக இருந்ததும் சேர்ந்து சாகும். ஆகவே வரவேற்புத் தொட்டி ஒன்று தனியாக வேண்டும். முக்கால் முழ ஆழம் போதும். தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடும் ஏர் கல்லை நன்றாகத் திறந்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள், பிறகு பிரதான தொட்டிக்கு மாற்றுங்கள். ஆயிரம் லிட்டருக்குப் பத்து கிலோவுக்கு மேல் போகாமல் இருந்தால் நிம்மதி.

பிரதான தொட்டியில் உப்பு 30-லிருந்து 36 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு), வெப்பம் 25-லிருந்து 28 டிகிரி, உயிர்வளி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல், அம்மோனியா 0.5 மில்லிகிராமுக்குள். உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்கலாம், அம்மோனியாவுக்குச் சொட்டு மருந்து கிட் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் நம்பியாறு பெருகிக் கடலில் விழும் நாட்களில், முகத்துவாரம் அருகே மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பக்கூடாது. அந்தத் தண்ணீரில் உப்பு எங்கேயோ இறங்கியிருக்கும், சேறும் சேர்ந்து வரும். மழைக்கு முன்பே ஒரு தொட்டித் தண்ணீரைத் தெளியவைத்துச் சேமித்து வைப்பது வழக்கமாகட்டும்.

காரணம் தெரியாத சாவு என்று சொல்லப்படுவதற்குச் செம்பும் ஒரு காரணமாக இருக்கலாம். பித்தளைக் குழாய், பித்தளை வால்வு, பம்பினுள் சுழலும் வெண்கல இம்பெல்லர், காப்பு உரிந்த வயர் எல்லாவற்றையும் கடல்நீர் கரைக்கும். சிங்கியின் இரத்தத்திலேயே உயிர்வளியைச் சுமப்பது செம்புதான். ஆனால் தண்ணீரில் துளி செம்பு கூடினால் அதுவே நஞ்சு. பிளாஸ்டிக் வால்வும் பிளாஸ்டிக் பம்பும் மட்டும் பயன்படுத்துங்கள். புதிதாகப் பூசிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறி வரும். மூன்று வாரம் தண்ணீர் நிறுத்தி, அவ்வப்போது மாற்றி, பிறகே சரக்கு இறக்க வேண்டும்.

தண்ணீரைச் சுற்றவிட்டுப் பயன்படுத்துகிறவர்களுக்கு உயிரி வடிகட்டி வேண்டும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், சீசன் தொடங்கிய அன்று அதைக் கட்டிப் பயனில்லை. வடிகட்டியில் பவளக்கல் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. பவளம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம். கழுவிக் காயவைத்த சிப்பி ஓடு அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

நாள்கணக்கில் வைத்திருப்பவர்கள் உடைந்த கூரை ஓடு, நான்கங்குல பிவிசி குழாய்த் துண்டுகளைத் தொட்டியில் போடுங்கள். சட்டை உரித்த சிங்கி மெழுகு போல மெதுவாக இருக்கும். ஒளிய இடமில்லையென்றால் மற்றவை தின்றுவிடும், காலையில் வெறும் ஓடுதான் கிடக்கும். இரையை மாலை இருட்டிய பிறகு போடுங்கள், உடல் எடையில் 3-லிருந்து 5 சதம் சிப்பிச் சதை. மீந்ததைக் காலையில் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள்.

சின்னச் சிங்கியைக் கூண்டில் கொழுக்கவைக்கும் யோசனை பலருக்கு இருக்கிறது. வியட்நாமில் ஒரு கிலோ சிங்கிக்கு இருபது கிலோவை ஒட்டிக் கழிவு மீன் போகிறது. கூண்டு நெரிசலில் இரத்தம் பால்போல மாறும் பாக்டீரியா நோயும் அங்கே பெரிய நட்டம் கொடுத்திருக்கிறது. குஞ்சையும் பாரிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கச்சான் காற்று கிளப்பும் அலை மோதும் நம் திறந்த கரைக்கு இது ஏற்றதாக எனக்குப் படவில்லை. சட்ட எடை தாண்டியதைச் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் கையில் நிற்கும் காசு இருக்கிறது.

ஏற்றுமதிக்கு அனுப்பும் முன் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் இரை நிறுத்துங்கள். குடல் காலியாகாவிட்டால் பெட்டிக்குள் அழுக்கும் அம்மோனியாவும் சேரும். பிறகு தண்ணீரைச் சில மணி நேரத்தில் மெல்ல 15 டிகிரி அளவுக்குக் குளிரவையுங்கள். ஐஸை மூடிய பாட்டிலுக்குள் வைத்தே தொட்டியில் மிதக்கவிட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் கால் உதிரும். மீசையைத் தொட்டால் சோம்பலாக அசைகிற நிலை வந்ததும் எடுத்து, கடல்நீரில் ஈரமாக்கிக் குளிர்வித்த மரத்தூளில் புரட்டி, தெர்மாகோல் பெட்டியில் வால் மடங்கினாற்போல் நெருக்கமாக அடுக்குங்கள். மருந்தடித்த பலகையின் தூளோ தேக்குத் தூளோ கூடாது. உறைந்த ஐஸ் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி மேல்பக்கம் வையுங்கள், சிங்கியின் மேல் நேராகப் படக்கூடாது. புதிதாகச் சட்டை உரித்ததையும், வாலைத் தூக்கினால் மடக்காமல் தொங்கவிடுவதையும் பெட்டியில் சேர்க்காதீர்கள். அவற்றை அன்றைக்கே உள்ளூரில் விற்றுவிடுங்கள். மூடியின் மேல் அடைத்த நேரத்தை எழுதுங்கள். வண்டி திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் எத்தனை முறை பெட்டியைத் திறந்து பார்த்தார் என்பதையும் கேட்டுவையுங்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே குளிர் குறைகிறது.